'திரும்ப எடுத்துக்கிட்டாங்களே, அதுவே பெருசு'

2024 தை மாதத்தில் பல்லடத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் என் பழைய சிநேகிதர். நான் வேலை பார்த்த அதே மில்லில் சூப்பர்வைசராக இருந்து, பிறகு திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் போட்டு, இப்போது எல்லாவற்றையும் மகன் கையில் கொடுத்துவிட்டு என்னைப் போலவே ஓய்வாக இருப்பவர். எங்கள் வீதியில் குடியிருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்தது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிற பெண்.

"கர்ப்பப்பை ஆபரேஷன் பண்ணிட்டு ஏழு வாரம் கழிச்சுப் போயிருக்குதுங்க. அப்பவும் கம்பெனில திரும்ப எடுத்துக்கிட்டாங்களே, அதுவே பெருசு. புண்ணியவானுங்க."

எனக்கு அதற்கு மேல் பாயசம் இறங்கவில்லை. பெரிய மனுஷன் வீட்டுக் கல்யாணத்தில் சண்டை போடக் கூடாது என்று கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். சிநேகிதர் இதைப் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும்.

அந்தப் பெண்ணை எப்படித் 'திரும்ப எடுத்துக்கொண்டார்கள்' என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷமாக ஒரே கம்பெனி. ஒரு நாள் கூலி 450 ரூபாய். மாதாமாதம் இ.எஸ்.ஐ.க்கும் பி.எப்.புக்கும் பிடித்தம் உண்டு. ஆபரேஷன் முடிந்து, இ.எஸ்.ஐ. டாக்டர் 'வேலைக்குப் போகலாம்' என்று கொடுத்த கடைசிச் சான்றிதழோடு போய் நின்றிருக்கிறாள். சூப்பர்வைசர் சொன்னது இது: "உன்ற எடத்துல ஆள் போட்டாச்சு அம்மிணி. ஒரு விலகல் லெட்டர் எழுதிக் குடுத்துட்டு, காண்ட்ராக்ட்ல புதுசா சேந்துக்கோ. அதே டேபிள்தான், அதே கூலிதான்."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. டேபிளும் கூலியும் அதேதான் என்றால் என்ன நஷ்டம் என்று தோன்றும். என் சிநேகிதருக்கும் அப்படித்தான் தோன்றியது. நஷ்டம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் மில்லில் டைம் ஆபீஸ் எழுத்தராக இருந்தவன். அப்படிப்பட்ட விலகல் கடிதங்களை என் கையாலேயே எழுதியவன்.

1983 என்று நினைவு. பல்லடத்துக்கும் திருப்பூருக்கும் நடுவே இருந்த அந்த மில்லின் பெயர் வேண்டாம். ப்ளோரூமில் பஞ்சு உடைக்கிற இடத்தில் ஒரு அண்ணன் வேலை பார்த்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். டி.பி. வந்து அஞ்சு மாதம் படுத்துவிட்டார். அப்போதெல்லாம் பெரிய வைத்தியம் என்றால் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிதான். தேறி, எலும்பும் தோலுமாக, சான்றிதழை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "ஒரு ராஜினாமா எழுதி வாங்கிக்க. அப்புறம் இன்னைத் தேதி போட்டுப் புதுசா அப்ளிகேஷன் ஒண்ணு வாங்கிக்க. பழைய டோக்கன் நம்பரை அடிச்சிரு" என்றார். அண்ணனுக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். இரண்டு காகிதத்தையும் நானே எழுதினேன். 'எனது சொந்தக் காரணங்களை முன்னிட்டு' என்று ஆரம்பிக்கிற அந்த வாசகம் எனக்கு மனப்பாடம். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "தம்பி, நீங்க இல்லாட்டி வேலை போயிருக்கும்" என்று கும்பிட்டார். அடுத்த வாரம் தோட்டத்துத் தேங்காய் நாலு கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

அதுவரை அவருக்கு நாலு வருஷம் ஏழு மாதம் சர்வீஸ். பிறகு மூன்று வருஷம் நாலு மாதம் வேலை பார்த்துவிட்டு, மாமனார் காட்டில் வெள்ளாமை பார்க்கப் போய்விட்டார். கணக்கு முடிக்க வந்தபோது பி.எப். படிவத்தில் கையெழுத்து வாங்கினேன். "வேற ஒண்ணும் வராதுங்களா தம்பி?" என்று கேட்டார். "வராதுங்க" என்றேன்.

வந்திருக்க வேண்டும். 1972ஆம் வருஷத்துப் பணிக்கொடைச் சட்டம், தொடர்ந்து ஐந்து வருஷம் வேலை பார்த்தவருக்கு வருஷத்துக்குப் பதினைந்து நாள் கூலி வீதம் கொடுக்கச் சொன்னது. தொடர்ந்து என்றால் என்ன என்பதையும் அந்தச் சட்டமே விளக்கியது. நோயினால் வராமல் இருந்த நாட்கள் சர்வீஸை உடைக்காது. ஆக அந்த அண்ணனுடையது இரண்டு துண்டு இல்லை, ஏறக்குறைய எட்டு வருஷம் ஓடிய ஒரே சர்வீஸ். அன்றைக்கு அவர் நாள் கூலி முப்பது ரூபாய். பதினைந்து நாளுக்கு 450. எட்டு வருஷத்துக்கு 3,600. அந்தக் காலத்தில் அது இரண்டு பவுன் காசு. அதை என் பேனா அழித்தது. இரண்டு துண்டும் தனித்தனியாக ஐந்து வருஷத்துக்குக் குறைவு, ஆகவே பூஜ்யம். மேனேஜருக்கு இந்தக் கணக்குத் தெரிந்தேதான் நாலு வருஷம் ஏழு மாதத்தில் அந்த ராஜினாமாவைக் கேட்டார். எனக்குத் தெரியுமா என்று கேட்டால், பாதி தெரியும். மீதியைத் தெரிந்துகொள்ள நான் முயற்சி எடுக்கவில்லை.

அதனால்தான் 'திரும்ப எடுத்துக்கிட்டாங்களே' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அவள் போனால்தானே திரும்ப எடுக்க! உடம்பு முடியாமல் இருந்தவள் வேலையை விட்டுப் போகவே இல்லை. விடுப்பில் இருந்தாள். அவளுடைய இடத்தை அவளுக்கே தானமாகக் கொடுத்து, அதற்கு ஆறு வருஷத்தை விலையாக எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். 450 ரூபாய் கூலிக்கு ஆறு வருஷப் பணிக்கொடை 40,500 ரூபாய் ஆகிறது. கொடுக்க வேண்டிய அந்தப் பணத்தைச் 'சொந்தக் காரணம்' என்று எழுதி வாங்கிய கையோடு கொடுக்கிற கம்பெனியை நான் இதுவரை பார்த்ததில்லை.

பணிக்கொடை மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் 1981ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று உண்டு. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளி நிரந்தரம் ஆகிவிடுவார் என்பது அது. அதிலும் நோய் நாட்கள் தொடர்ச்சியை உடைக்காது. புது டோக்கன் போட்டால்தான் உடையும். இ.எஸ்.ஐ.யிலும் அதே வேலை நடக்கிறது. காண்ட்ராக்டர் பழைய எண்ணைக் கேட்காமல் புதிதாகப் பதிவு செய்தால், ஒன்பது மாதம் கழித்துத்தான் அவளுக்கு நோய்க்கால உதவித்தொகை கேட்கும் உரிமை வரும். அதற்குள் மறுபடி படுத்தால் கையில் ஒன்றும் இல்லை. இ.எஸ்.ஐ. எண் ஒருவருக்கு ஆயுசுக்கும் ஒன்றுதான், கம்பெனி மாறினாலும் அதுவேதான். இதை நம் பெண்களுக்கு யாரும் சொல்வதில்லை.

இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது 1948-இல். நம் கோவைக்குத்தான் தமிழ்நாட்டிலேயே முதலில் வந்தது, 1955 ஜனவரியில். மில்கள் இருந்த ஊர் என்பதால். அந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு சொன்னது இவ்வளவுதான்: தொழிலாளி நோய்க்கால உதவித்தொகை வாங்குகிறபோதோ, நோய்க்குச் சிகிச்சையில் இருக்கிறபோதோ முதலாளி அவரை நீக்கக் கூடாது, தண்டிக்கக் கூடாது, தரம் குறைக்கக் கூடாது. அந்தக் காலத்தில் கொடுக்கிற நீக்க நோட்டீஸ் செல்லாது. மீறினால் அது குற்றம். முதலாளியையும் சட்டம் மறக்கவில்லை. எத்தனை நாள்தான் காத்திருப்பது என்ற கேள்விக்கு விதிகளில் பதில் இருந்தது. சாதாரண நோய் என்றால் தொடர்ந்து ஆறு மாதம் தாண்டிய பிறகு, டி.பி. போன்ற நீண்ட நோய்கள் என்றால் பதினெட்டு மாதம் தாண்டிய பிறகு, உரிய முறைப்படி விடுவிக்கலாம். என் ப்ளோரூம் அண்ணன் இருந்தது அஞ்சு மாதம். பதினெட்டு மாதம் எங்கே, அஞ்சு மாதம் எங்கே! எங்கள் வீதிப் பெண் இருந்தது ஏழே வாரம்.

அப்படியானால் மில் மேனேஜர்களுக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது? ஒரு தீர்ப்பிலிருந்து வந்தது. சென்னை பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் மில், நாம் பி அண்ட் சி என்று சொல்வோமே, அந்த மில்லின் தொழிலாளி வெங்கடையா என்பவர் 1957 ஜனவரியில் லீவில் போனார். திரும்பி வந்தது மார்ச்சில். உடம்பு சரியில்லாமல் இருந்ததற்கு அரசு டாக்டரின் சான்றிதழைக் காட்டினார். மில்லின் நிலையாணை, லீவு முடிந்து தொடர்ந்து எட்டு வேலை நாள் வராதவர் வேலையை விட்டுவிட்டதாகவே கருதப்படுவார் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இது முதலாளி கொடுத்த தண்டனையே இல்லை, நிலையாணைப்படி தானாக நடந்தது, ஆகவே 73ஆம் பிரிவு குறுக்கே வராது என்று 1963-இல் மில்லுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மேனேஜர்கள் வாயில் இந்த 'எட்டு நாள்' மந்திரம் மாதிரி இருந்தது. "எட்டு நாள் வரலியா? அவனே போயிட்டான். நாம எங்க அனுப்பினோம்?" வேலையை விட்டவன் ஆஸ்பத்திரிச் சீட்டோடு கேட்டில் வந்து எதற்கு நிற்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த மந்திரத்தின் பல்லைப் பிடுங்க முப்பது வருஷம் ஆனது. 1993-இல் டி.கே. யாதவ் என்ற தொழிலாளிக்கும் ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ் என்ற கம்பெனிக்கும் நடந்த வழக்கு. எட்டு நாளுக்கு மேல் சொல்லாமல் நின்றுவிட்டார் என்றது கம்பெனி. வேலைக்குப் போன என்னைக் கேட்டிலேயே தடுத்தார்கள் என்றார் அவர். நிலையாணையில் இருக்கிறது என்பதற்காக விசாரணை இல்லாமல், அவர் பக்கத்தைக் கேட்காமல் பிழைப்பைப் பறிக்க முடியாது, அது அரசியலமைப்புக்கே விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, பாதிச் சம்பளப் பாக்கியோடு அவரைத் திரும்ப வேலையில் வைக்கச் சொன்னது. அதற்குப் பிறகு விவரம் தெரிந்த கம்பெனிகள் யாரையும் 'அடிப்பது' இல்லை. தொழிலாளியின் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். விலகல் கடிதம் என்கிற அந்தக் காகிதத்துக்கு இவ்வளவு ஆசைப்படுவது இதனால்தான்.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், மின்வாரியத்துக்காரர்கள், தாலுகா ஆபீஸ்காரர்கள். உங்களிடம் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன். என் மூத்த அண்ணன் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர். மஞ்சள் காமாலை வந்து மூன்று மாதம் மருத்துவ விடுப்பில் இருந்தார். திரும்பிப் போன அன்று தகுதிச் சான்றிதழை நீட்டினார், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார், மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டார். பதவி மூப்பு அப்படியே, ஓய்வூதியக் கணக்கும் அப்படியே. 'திரும்ப எடுத்துக்கிட்டாங்களே' என்று அவரைப் பார்த்து யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சங்கத்துக்காரர்கள் வீட்டுக்கே வந்திருப்பார்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒருவனுக்கு விடுப்பு உரிமை, இன்னொருவனுக்கு அது முதலாளி போட்ட பிச்சை. அரசு வேலையில் இருந்தவர்களே பனியன் கம்பெனிப் பெண்ணைப் பார்த்து 'அதுவே பெருசு' என்கிறபோது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

'பொய் சர்டிபிகேட் நிறைய வருதுங்க' என்பீர்கள். வருகிறது. நானே பார்த்திருக்கிறேன். தீபாவளிக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துக் காய்ச்சல் சீட்டோடு வந்தவர்கள் உண்டு. ஆனால் நம்மில் எத்தனை பேர் மகள் கல்யாணத்துக்கு மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்தோம்? கையைத் தூக்கச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். சந்தேகம் வந்தால் சரிபார்க்க இ.எஸ்.ஐ.யிலேயே அதற்கென்று மருத்துவ அதிகாரி இருக்கிறார், முதலாளி கேட்கலாம். வயிற்றில் தையல் தழும்போடு வந்து நிற்கிறவளிடம் அந்தச் சந்தேகத்தைக் காட்டுவதில் நியாயம் இல்லை.

முதலாளி பக்கமும் கஷ்டம் இல்லாமல் இல்லை. கப்பல் தேதி குறித்தாகிவிட்டது, செக்கிங் டேபிளில் ஆள் குறைந்தால் பெட்டி கட்ட முடியாது. ஆள் போடத்தான் வேண்டும். போடுங்கள். ஏழு வாரத்துக்குப் போடுங்கள். மில்களில் பதிலித் தொழிலாளி என்று ஒரு ஏற்பாடு எதற்கு வந்தது? 'உன் இடத்தில் ஆள் போட்டாச்சு, இடம் இல்லை' என்று சொல்கிற அதே கம்பெனிக் கேட்டில் என்ன பலகை தொங்குகிறது என்று போகிற வழியில் பாருங்கள். 'செக்கிங், அயர்ன், டைலர் ஆட்கள் தேவை.' மங்கலம் ரோட்டில் வண்டியில் போனால் கம்பத்துக்குக் கம்பம் அதுதான். ஆள் தேவை, ஆனால் அவளுடைய ஆறு வருஷம் மட்டும் தேவை இல்லை.

இதே கணக்கைச் சின்னப் பெண்களிடம் போட்டதுதான் சுமங்கலித் திட்டம். மூன்று வருஷம் மில் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை. நடுவில் உடம்பு முடியாமல் ஊருக்குப் போன பெண்களுக்கு அந்தத் தொகை கிடைக்காமல் போனதை 2011-இல் நெதர்லாந்துக்காரர்கள் வெளியிட்ட அறிக்கை எழுதியது. நமக்கு நெதர்லாந்துக்காரன் எழுதித்தான் தெரிய வேண்டுமா? நம் பஸ் ஸ்டாண்டில் டிரங்குப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நாம் பார்க்கவில்லையா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திரும்பி வருகிறவரை எந்த இடத்துக்கு அனுப்புகிறோம் என்பது. ப்ளோரூம் அண்ணனை அதே ப்ளோரூமுக்குத்தான் அனுப்பினோம். பஞ்சுத் தூசியால் வருகிற நுரையீரல் நோய் தொழில் நோய் என்று இ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணையிலேயே இருந்தது. வார விடுமுறை கழிந்து திங்கட்கிழமை உள்ளே போனதும் நெஞ்சு இறுகுவது அதன் அடையாளம் என்பார்கள். எங்கள் மில்லில் அதைச் சோம்பேறித்தனம் என்று எழுதி வைத்தோம். அரசு ஊழியருக்கு வேலையில் இருக்கும்போது ஊனம் வந்தால் அவரை நீக்கக் கூடாது, வேறு பொருத்தமான வேலை தர வேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்கிறது. தனியார் மில்லுக்கு அந்த வரி எழுதப்படவில்லை. டி.பி.யிலிருந்து தேறியவரைக் கோன் அடுக்குகிற இடத்தில் உட்கார வைத்திருந்தால் மில் மூழ்கியிருக்காது.

கல்யாண வீட்டிலிருந்து நேராக அந்தப் பெண் வீட்டுக்குத்தான் போனேன். நல்ல வேளை, கடிதத்தை அவள் இன்னும் கொடுக்கவில்லை. வீட்டுக்காரர் வந்ததும் எழுதலாம் என்று வெள்ளைத்தாளை வாங்கி வைத்திருந்தாள். "நானே உங்ககிட்ட எழுத வரலாம்னு இருந்தனுங்க பெரிப்பா" என்றாள். அந்தத் தாளில் வேறு ஒன்று எழுதினோம். மருத்துவ விடுப்பு முடிந்து இன்ன தேதியில் வேலைக்கு வந்தேன், தகுதிச் சான்றிதழின் நகல் இணைத்திருக்கிறேன், என் பழைய எண்ணிலேயே வேலை தர வேண்டும், நான் ராஜினாமா செய்யவில்லை. அவ்வளவுதான். அசல் சான்றிதழைக் கொடுக்காதே, ஜெராக்ஸ் மட்டும் கொடு என்றேன். மறுநாள் பல்லடம் தபாலாபீசில் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் போட்டோம். ஒரு நகலைத் தொழிலாளர் அலுவலருக்கும் அனுப்பினோம்.

ஒன்பது நாள் அவளைக் கேட்டில் நிறுத்தினார்கள். அவள் மாமியார் என் வீட்டுக்கு வந்து, "நல்லா இருந்த பொழப்பைக் கெடுத்துப்போட்டீங்களே" என்று திண்ணையில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார். அந்த ஒன்பது ராத்திரியும் எனக்குத் தூக்கம் இல்லை. என் எழுத்து மறுபடியும் ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டதோ என்றுதான் இருந்தது. பத்தாம் நாள் கூப்பிட்டார்கள். வேறு டேபிள், ஆனால் அதே எண், அதே கார்டு. காண்ட்ராக்ட் பேச்சு இல்லை. தொழிலாளர் அலுவலரிடமிருந்து போன் போனதா, ஆள் பற்றாக்குறைதான் காரணமா என்று யாரும் சொல்லவில்லை.

ஒன்பது நாள் கூலி 4,050 ரூபாய். அதையும் எழுதிக் கேட்கலாம் என்றேன். "வேண்டாமுங்க பெரிப்பா, இதோட உட்டுருங்க" என்றாள். விட்டுவிட்டேன்.

அந்தக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. உங்கள் வீட்டிலோ வீதியிலோ யாருக்காவது தேவைப்பட்டால், வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவர்களை என்னிடம் அனுப்புங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். எழுத்துக் கூலி கிடையாது. தேங்காய் எல்லாம் கொண்டுவர வேண்டாம்.